செவிக்கு ஒரு திசைகாட்டி

விடிந்தும் விடியாத வேளையில் விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்துக்குள் காலெடுத்து வைக்கிற எவரையும் முதலில் எதிர்கொள்வது கண்டக்டர்களின் குரல்தான். "பாண்டி பாண்டி பாண்டி" என்று ஒரு மூலையிலிருந்தும், "திர்ணாமல திர்ணாமல" என்று மற்றொரு மூலையிலிருந்தும், திண்டிவனம், மேல்மருவத்தூர், தாம்பரம் என மூன்று ஊர்களை ஒரே மூச்சில் கோத்து இன்னொரு பக்கத்திலிருந்தும் எழுகிற அந்த ஆரவாரத்தை, கண்ணுள்ள நாம் வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிட்டுப் பெயர்ப்பலகையைத் தேடுகிறோம். என்னோடு அடிக்கடி திண்டிவனம் வரை பிரயாணம் செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். சரித்திர ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் நிலையத்தின் வாசலில் ஒரு கணம் நிற்பார், தலையைச் சற்றே இப்படியும் அப்படியும் திருப்புவார், பிறகு எந்த பஸ் எந்த வரிசையில் நிற்கிறது என்பதை என்னைவிட முன்னதாகச் சொல்லிவிடுவார்.

சென்ற ஆண்டு அவருடைய மகள் அவருக்கு ஒரு புதிய கைப்பேசி வாங்கிக் கொடுத்து, அதில் நடைபாதை வழி சொல்லும் செயலி ஒன்றையும் ஏற்றிக் கொடுத்தாள். அதன் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு நேருஜி சாலையில் என்னோடு நடந்த முதல் நாளில், "இன்னும் நாற்பது மீட்டர் நேராகச் செல்லவும், பிறகு இடப்புறம் திரும்பவும், உங்கள் வலப்புறத்தில் ஒரு வங்கி உள்ளது, அதற்கடுத்து ஒரு துணிக்கடை உள்ளது" என்று அது ஓயாமல் பேசிக்கொண்டே வந்தது. பாதி வழியில் அவர் இயர்போனைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சார், இது வழி சொல்லுதா, பாடம் நடத்துதா?" என்று கேட்டார். முப்பது ஆண்டு பாடம் நடத்தியவர் கேட்ட கேள்வி அது. எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததில், அந்தக் கேள்வியையே கைக்கொண்டு சில விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள் என்று தெரிய வந்தது.

அவர்கள் கண்டதை விளக்குவதற்கு முன், ஓசை வரும் திசையை நம் செவி எவ்வாறு அறிகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். வலப்புறத்திலிருந்து ஒரு மணி ஒலித்தால் அந்த ஓசை வலச்செவிக்கு முதலிலும், தலையைச் சுற்றிக்கொண்டு இடச்செவிக்குச் சற்றுப் பின்னரும் வந்து சேர்கிறது. சுற்றி வருகிற அந்த அதிகப்படியான தூரம் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். நம் ஊர் வெப்பத்தில் காற்றில் ஓசையின் வேகம் விநாடிக்கு 350 மீட்டர் என்று கொண்டால், இரு செவிகளுக்கும் இடையே நேரும் தாமதம், மிக அதிகமாகப் போனாலும், ஒரு விநாடியை ஆயிரமாக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. மணி நேர் எதிரிலிருந்து ஒரே ஒரு பாகை விலகினால் அந்தத் தாமதம் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு விநாடியாகச் சுருங்கிவிடுகிறது. அதையும் நல்ல செவியுடையவர் கண்டுகொள்கிறார் என்பது பரிசோதனைகளில் பிரத்தியட்சமாக நிரூபிக்கப்பட்ட விஷயம். இது தாழ்ந்த ஸ்தாயி ஓசைகளுக்கு. உயர்ந்த ஸ்தாயி ஓசைகளைத் தலை ஒரு சுவர்போல் மறைத்து நிழல் வீழ்த்துவதால், அப்பால் உள்ள செவிக்கு அவை மெலிந்தே கேட்கின்றன. அவ்விடத்தில் காலத்துக்குப் பதிலாகப் பலத்தைக் கொண்டு திசை நிர்ணயமாகிறது. இவ்விரண்டு வழிகளையும் இணைத்து 1907-ல் முறையாக எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் ராலே பிரபு.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மழைக்காலத்து இரவில் வீட்டு மூலையில் எங்கோ சிள்வண்டு கத்தும். எழுந்து தேடினால், கட்டிலடியா, அலமாரியின் பின்புறமா என்று தெரியாமல் அலைவோம். அதே அறையில் ஒருவர் கை தட்டினால் கண்ணை மூடிக்கொண்டே இடத்தைச் சுட்டிவிடலாம். சிள்வண்டின் ஓசை ஏறக்குறைய ஒரே சுருதியில், காலத்தைக் கணக்கிடவும் வசதியில்லாத, பலத்தைக் கணக்கிடவும் அரைகுறையாகவே உதவுகிற இடைப்பட்ட ஸ்தாயியில் அமைந்தது. கைதட்டலிலோ தாழ்ந்ததும் உயர்ந்ததுமாகப் பல சுருதிகள் ஒருங்கே வெடிக்கின்றன. ஆகவே, பார்வையற்ற ஒருவருக்குத் திசை காட்டுவதற்கென்று ஓர் ஓசையை அமைக்கிறவர், காதுக்கு இனிமையான புல்லாங்குழல் நாதத்தைத் தேர்ந்தெடுத்தால் தோற்றுப்போவார். சற்றுக் கரடுமுரடான, ஜாலரா தட்டுவது போன்ற ஓசையே அவருக்கு உகந்தது.

செவி செய்யும் இதே காரியத்தைக் கைப்பேசியும் தன் அளவில் செய்துகொண்டிருக்கிறது. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அணுக் கடிகாரத்தின் நேரத்தை ஒலிபரப்புகின்றன; எந்தக் கோளின் சமிக்ஞை எவ்வளவு முன்பின்னாக வந்தது என்று ஒப்பிட்டு, கைப்பேசி தான் நிற்கும் இடத்தைக் கணித்துக்கொள்கிறது. இரண்டும் காலத்தை அளந்து இடத்தை அறியும் வித்தையே. வித்தியாசமெல்லாம் வேகத்தில்தான்: ஓசை ஒரு தலையைச் சுற்றிவர எடுத்துக்கொள்ளும் அரை மில்லி விநாடிக்குள் ரேடியோ அலை விழுப்புரத்தில் புறப்பட்டு ஏறக்குறையச் சென்னையை எட்டிவிடும். எனவே கோளின் கணக்கில் ஒரு மைக்ரோவிநாடி பிசகினால் பூமியில் 300 மீட்டர் பிசகும்.

2000-ம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்குரிய சமிக்ஞையை வேண்டுமென்றே மழுக்கி வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தவறு நேரலாம் என்ற நிலையில் அதைக் கொண்டு ஒருவரை வீதியில் நடத்திச் செல்வது கனவாகவே இருந்தது. இன்று மறைப்பில்லாத வானத்தின் கீழே சாதாரணக் கைப்பேசி சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடுகிறது. காரில் போகிறவருக்கு இது தாராளம். காலால் நடக்கிறவருக்கோ, 5 மீட்டர் என்பது சாலையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். நண்பரை ஒரு மருந்துக்கடைக்கு அழைத்துச் சென்ற செயலி, "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்று மங்களம் பாடி முடித்தபோது, கடை எதிர்ச்சாரியில் இருந்தது; நடுவில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நம் பகுதிக்கு மற்றுமொரு விசேஷச் சங்கடமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு பாரதத்தின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963-ல் ராக்கெட் ஏவுவதற்குத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதன் பொருட்டுத்தான். அந்தக் கோட்டை அடுத்த பிரதேசங்களில் சூரியன் அஸ்தமித்த பின் சில மணி நேரம், வானின் அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பி, கோள்களின் சமிக்ஞையை நட்சத்திரம்போல் மினுக்கச் செய்வதுண்டு.

இனி அந்த விஞ்ஞானிகளிடம் வருவோம். கலிபோர்னியா சர்வகலாசாலையின் சாந்தா பார்பரா கிளையில் ரெஜினால்ட் கோலெட்ஜ் என்ற பூகோளப் பேராசிரியர் இருந்தார். மனிதர்கள் ஊரையும் வழியையும் மனத்தில் எவ்வாறு வரைந்து வைத்துக்கொள்கிறார்கள் என்பதே அவருடைய ஆராய்ச்சித் துறை. விதியின் விளையாட்டு என்றே சொல்ல வேண்டும், 1984-ல் அவருக்கே பார்வை போயிற்று. அடுத்த ஆண்டில் அவருடைய சகாவான ஜாக் லூமிஸ் என்ற மனோதத்துவ நிபுணர், செயற்கைக்கோள், கணினியில் ஏற்றிய வரைபடம், இரு செவிகளுக்கும் தனித்தனியே ஓசை தரும் ஹெட்போன் ஆகிய மூன்றையும் இணைத்து, பார்வையற்றவருக்கு வழிகாட்டும் கருவியொன்றை உருவாக்கலாம் என்று எழுதினார். ராபர்ட்டா கிளாட்ஸ்கி என்ற அம்மையாரும் சேர்ந்துகொண்டார். முதலில் உருவான கருவி முதுகில் மூட்டைபோல் சுமக்க வேண்டியதாக இருந்தது. அதன் உருவத்தைக் கண்டு நகைத்தவர்களும் இருந்திருக்கக்கூடும்.

அவர்களுடைய எண்ணத்தின் புதுமை மூட்டையில் இல்லை. "இடப்புறம் திரும்பு" என்று சொல்லுவதற்குப் பதிலாக, போக வேண்டிய இடத்திலிருந்தே ஒரு குரல் வருவதுபோல் தோன்றச் செய்தால் என்ன என்று அவர்கள் யோசித்தார்கள். செவிகளுக்கு இடையே நேரும் காலத் தாமதத்தையும் பலத்தின் வித்தியாசத்தையும் கணினியே கணக்கிட்டு ஹெட்போனில் கலந்துவிட்டால், இல்லாத ஒரு மணி இருக்கிற ஒரு திசையில் ஒலிக்கும். 1998-ல் வெளியிட்ட பரிசோதனையில், பார்வையற்றவர்களைக் கொண்டு பலவகை வழிகாட்டு முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இவ்வாறு திசையிலிருந்து வரும் குரலே மற்ற முறைகளைவிட மேலானது என்று தெரிந்தது.

எனக்கு அதனினும் ருசிகரமாகத் தோன்றியது 2006-ல் அவர்கள் வெளியிட்ட மற்றொரு பரிசோதனை. கண்ணைப் பயன்படுத்தாமல் வழி செல்லும்படி சிலரை ஏற்பாடு செய்து, ஒருமுறை சொற்களாலும் ஒருமுறை திசையுள்ள ஓசையாலும் வழிகாட்டினார்கள். வேறு வேலையில்லாமல் நடக்கும்போது இரண்டுக்கும் சொல்லத்தக்க பேதமில்லை. ஆனால் உடலில் படும் அதிர்வுகளை வரிசை தப்பாமல் நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு வேலையையும் கூடவே கொடுத்தபோது, சொல்லைக் கேட்டு நடந்தவர்கள் பின்தங்கினார்கள். ஓசையைக் கேட்டு நடந்தவர்கள் விரைவாகவும் சுற்றாமலும் போய்ச் சேர்ந்தார்கள். நினைவு வேலையையும் நன்றாகச் செய்தார்கள். காரணம் எளிது. "இடது" என்ற சொல் காதில் விழுந்தால் மனம் அதைப் பொருள்படுத்தி, உடலின் பக்கத்தோடு பொருத்தி, பிறகே காலுக்கு ஆணையிட வேண்டும். ஓசையோ, தாய் கூப்பிட்ட பக்கம் குழந்தையின் முகம் திரும்புவதுபோல், இடைத்தரகன் இல்லாமல் காரியம் செய்துவிடுகிறது. நேருஜி சாலையில் நண்பருக்கு அந்த அதிர்வுக் கணக்கைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பின்னால் வரும் ஷேர் ஆட்டோ, சாரியை மறித்து நிற்கும் தள்ளுவண்டி, மூடியில்லாத சாக்கடை, முகத்து உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கடைத் தட்டி என்று அவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு பரீட்சை நடந்துகொண்டேயிருக்கிறது. அவர் இயர்போனைக் கழற்றியதில் சாஸ்திர நியாயம் இருந்தது.

இந்த ஆராய்ச்சியின் பயன் நெடுங்காலம் மூட்டைக்குள்ளேயே கிடந்தது. 2018-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சவுண்ட்ஸ்கேப் என்ற செயலியை வெளியிட்டபோதுதான், சட்டைப் பைக்குள் அடங்கும் கருவியில் அது பொதுமக்கள் கைக்கு வந்தது. அது "திரும்பு" என்று கட்டளையிடாது. நீங்கள் குறித்த இடத்திலிருந்து ஒரு தாளம் ஒலித்துக்கொண்டேயிருக்கும். முகம் சரியாக அந்தத் திசைக்கு நேர்ந்ததும் தாளத்தின் தொனி மாறும். வழியில் உள்ள கடையின் பெயரைச் சொன்னால், கடை இருக்கும் பக்கத்திலிருந்தே சொல்லும். எவ்வழியாகப் போவது என்பதை நடப்பவரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இதை ஒரு குறையென்று கருதியவர்களும் உண்டு. அதுதான் மரியாதை என்பது என் அபிப்பிராயம். 2023-ல் நிறுவனம் அதைக் கைவிட்டாலும், அதன் நிரல் முழுவதையும் எவரும் எடுத்தாளும்படி திறந்து வைத்துவிட்டதால், வேறு பெயர்களில் அது இன்றும் நடமாடுகிறது.

ஆயினும் ஹெட்போன் விஷயத்தில் இரண்டு இடர்கள் இருக்கின்றன. நேர் எதிரே ஒலிப்பதும் நேர் பின்னே ஒலிப்பதும் இரு செவிகளுக்கும் சம காலத்தில் சம பலத்தோடு வந்து சேர்வதால், முன்னா பின்னா என்ற மயக்கம் எழுகிறது. இயற்கையில் நம் காது மடலின் மடிப்புகள் ஓசையைச் சற்றே உருமாற்றி அந்த மயக்கத்தை ஓரளவு தீர்க்கின்றன. தீராத மிச்சத்தை நாம் தலையைத் திருப்பித் தீர்த்துக்கொள்கிறோம். நண்பர் பேருந்து நிலைய வாசலில் தலையை இப்படியும் அப்படியும் திருப்புவது இதற்காகத்தான். கைப்பேசி பையில் கிடக்கத் தலை மட்டும் திரும்பினால், தலை திரும்பியதைக் கைப்பேசி அறியாது. தலையின் அசைவை உணரும் இயர்போன்கள் வந்த பிறகே இதற்குப் பரிகாரம் பிறந்தது. இரண்டாவது இடர், காதை அடைத்தல். வெளியோசையே கண்ணாக இருப்பவரின் காதில் ஒரு தக்கையைச் செருகுவது, நம்மைக் கண்ணைக் கட்டிவிட்டு வரைபடம் பார்க்கச் சொல்வதற்குச் சமம். கன்ன எலும்பின் வழியாக அதிர்வை உட்செலுத்தி, காதின் துவாரத்தைத் திறந்தே விட்டுவிடும் ஒருவகைக் கருவி இதற்கென்றே வந்திருக்கிறது. திசை காட்டும் நுட்பத்தில் அது ஹெட்போனுக்குச் சற்று இளைத்ததென்றாலும், பின்னால் வரும் பஸ்ஸை மறைக்காது.

சொல்லாமல் சொல்லும் ஓசைகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நம் ஊர் கண்டக்டரின் விசில் ஒன்று ஒலித்தால் வண்டி நிற்கும், இரண்டு ஒலித்தால் கிளம்பும். அந்த ஓசைக்கும் நிற்பதற்கும் யாதொரு இயற்கைத் தொடர்பும் இல்லை, பழக்கத்தால் வந்த பொருள்தான். காலியான குடத்தில் நீர் விழும் ஓசையோ கற்பிக்காமலே தன் கதையைச் சொல்லிவிடும். செயலிகளை அமைப்பவர்கள் இவ்விரண்டு வகைகளையும் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். விசில் வகையைக் குறைந்த எண்ணிக்கையில் வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் மனத்தில் பதியும். பத்துப் பதினைந்து வகை மணியோசைகளைக் கொடுத்துப் பாடம் பண்ணச் சொன்னால், எந்த மணி எதற்கு என்று யோசிப்பதற்குள் சாலை கடந்துவிடும்.

பாஷையே வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எந்தப் பாஷை? "இடப்புறம், வலப்புறம்" என்பது பட்டணத்துப் பேச்சு. விழுப்புரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வழி கேட்டால், "கெழக்கால போயி, கோயில் வந்ததும் தெக்கால திரும்புங்க" என்றே பதில் வரும். எரிக் பீடர்சன் என்ற மொழியியல் அறிஞர் 1990-களில் தமிழ்நாட்டில் ஆராய்ந்து, கிராமத்தார் திசைகளின் பெயராலும் நகரத்தார் இடம் வலம் என்றும் இடத்தைக் குறிப்பதைப் பதிவு செய்திருக்கிறார். பார்வையற்றவருக்கு இந்தக் கிராமத்து வழக்கில் ஒரு சௌகரியம் இருக்கிறது. இடமும் வலமும் உடம்பு திரும்பினால் கூடவே திரும்பிவிடும். கிழக்கு திரும்பாது, காலை வெயிலாக அது கன்னத்திலேயே சுடும். விழுப்புரத்தில் ஒரு சாலைக்குக் கிழக்குப் பாண்டி ரோடு என்றே பெயர். பெயரிலேயே திசைகாட்டி இருக்கிறது. செயலியோ அந்தப் பெயரை ஆங்கில எழுத்திலிருந்து படித்து, ஊரின் ழகரத்தையும் விழுங்கி, "வில்லுபுரம்" என்று உச்சரிக்கிறது. "நான் எந்த ஊர்ல இருக்கேன்னே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு சார்" என்றார் நண்பர்.

உச்சரிப்பைத் திருத்திவிடலாம்; வரைபடத்தின் வறுமைதான் பெரிது. மோட்டார் போகும் சாலையை வரைந்தவர்கள், மனிதன் நடக்கும் ஓரத்தை வரையவில்லை; எங்கே நடைபாதை முடிந்து படி இறங்குகிறது, எங்கே மின்கம்பத்தின் இழுகம்பி குறுக்கே நிற்கிறது என்பவை எந்தக் கோளுக்கும் தெரியா. ஆகவே எந்த ஓசையும் கையிலுள்ள வெள்ளைக் கோலை ஓய்வு பெறச் செய்யப் போவதில்லை. தில்லி ஐ.ஐ.டி.யில் உருவாகி, சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டு 2014-ல் வெளிவந்த ஸ்மார்ட்கேன் என்ற கருவி, கோலின் பிடியில் பொருந்திக்கொண்டு, செவிக்கெட்டாத மீயொலியை வீசி, கோலின் நுனிக்கு அகப்படாத முழங்கால் முதல் தலை வரையுள்ள தடைகளை மூன்று மீட்டர் தூரம் வரை கண்டுபிடிக்கிறது. கண்டதை அது உரைப்பது ஓசையால் அன்று, உள்ளங்கையில் படும் அதிர்வால். அதை அமைத்தவர்கள் காதின் அருமை தெரிந்தவர்கள்.

சென்ற மாதம் நண்பரும் நானும் மறுபடி திண்டிவனத்துக்குப் புறப்பட்டோம். வெயில் வலப்புறம் விழுமென்று கணக்குப் பார்த்து அவர் இடப்புறத்து ஆசனத்தைப் பிடித்தார். இப்போது அவருடைய கைப்பேசியில் அதிகம் பேசாத ஒரு செயலி இருந்தது. எலும்பு வழியே கேட்கும் கருவியும் வாங்கியிருந்தார். விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் வேகம் தணிந்து, ஜன்னல் காற்று நின்றதை அவர் சொன்ன பிறகுதான் செயலி சொல்லிற்று. கூட்டேரிப்பட்டைத் தாண்டி நெடுஞ்சாலையின் திறந்த வானத்தின் கீழ்ச் செயலி தவறே செய்யவில்லை.

புளியங்காடு என்று பொருள்படும் திந்திரிணி வனமே திண்டிவனமாயிற்று என்பார்கள். நாங்கள் இறங்கிய மேம்பாலத்தருகே நிழல் தர இருந்தது பாலம் ஒன்றுதான். அதன் கீழே நுழைந்ததும் கான்கிரீட் கூரை கோள்களை மறைத்துவிட்டது. உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகள் கைப்பேசியின் காந்த ஊசியையும் குழப்பியிருக்க வேண்டும். முன்னே ஒலித்துக்கொண்டிருந்த தாளம் சட்டென்று பின்னுக்குத் தாவி, பிறகு ஒரேயடியாக நின்றது. நண்பர் நின்றார். கோலை இரண்டு முறை தரையில் தட்டினார். பாலத்தின் அடிவயிற்றில் பட்டு அந்த ஓசை எதிரொலித்துத் திரும்பி வந்தது. 1944-ல் அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையில், பார்வையற்றவர்கள் சுவரை அணுகும்போது முகத்தில் உணர்வதாகச் சொன்ன அந்த மர்மம் உண்மையில் எதிரொலியைக் கேட்பதே என்று, காதை அடைத்துப் பார்த்து நிரூபித்தார்கள். நண்பருக்கு அந்தப் பரிசோதனையைப் பற்றித் தெரியாது.

"தூண் இந்தப் பக்கம், ரோடு அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு, பாலத்துக்கு அப்பாலிருந்து "பாண்டி பாண்டி" என்று எழுந்த குரலின் திசைக்குக் கால் பாகம் விலகி நடக்கத் தொடங்கினார். பாலத்தின் நிழலைக் கடந்து வெயிலுக்கு வந்து பத்து அடி வைத்த பிறகு, கைப்பேசி விழித்துக்கொண்டு மீண்டும் தாளம் போடலாயிற்று. "வந்துட்டாரு" என்று சிரித்துக்கொண்டே அவர் நடையைத் தொடர்ந்தார்.